எந்தப் புத்தகத்துக்கு எந்தத் தையல்?

முதலில் அழகைப் பாருங்கள். புத்தகம் விரிகிறதா என்பதெல்லாம் அப்புறம். ஜப்பானிய நாலு துளைத் தையலுக்கு ஈடில்லை: ஓரத்தில் நான்கு ஓட்டை, முதுகைச் சுற்றி வளைத்துக் கட்டிய நூல், அலமாரியில் வைத்தால் அத்தனை லட்சணம். அதைச் சமையல் குறிப்பு நோட்டுக்குப் போடுங்கள். ஓரத்தில் குத்தியது மல்லாந்து படுக்காது என்பதால் ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் புளி கரைக்கலாம். ஓரமாக எழுதிய உப்பின் அளவு தையலுக்குள் போயிருக்கும், உத்தேசமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானியர்கள் துவளும் மெல்லிய தாளை மடித்துத் தைத்தார்கள். நம்முடையது 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எகிப்தின் காப்டிக் கிறித்தவர்கள் விட்டுப்போன சங்கிலித் தையல் வேறு ரகம். பாரம் பாரமாக மடித்து, ஒன்றின் நூலை முந்தியதன் நூலில் கோத்துக்கொண்டே போவார்கள். எந்தப் பக்கத்தில் திறந்தாலும் அப்படியே கிடக்கும். அடுப்படிக்கு இதுதான் ஏற்றது, ஆகவே அங்கே கூடாது. தினமும் பஸ்ஸில் டிபன் பாக்ஸுக்கு அடியில் நசுங்கும் டைரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் துணி கிடையாது. வெளியே தெரியும் நூலில் சாவிக்கொத்து மாட்டி இழுக்க வெகு வசதி.

பால் கணக்கு நோட்டுக்கு ஒரே மடிப்பு, மூன்று துளை, நடுவில் ஒரு முடிச்சு போதும். ஐந்து நிமிட வேலை. இவ்வளவு சுலபமானதைச் செய்துவிட்டு நாலு பேரிடம் என்னவென்று சொல்லிக்கொள்வது? தவிர்க்கவும்.

அகராதிக்கு நாடா வைத்துத் தைத்து, முதுகில் காலிகோ ஒட்டச் சொல்வார்கள். பொறுமை இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் கோணி ஊசியால் பக்கவாட்டில் மூன்று குத்து. அதன்பிறகு சொல்லுக்குப் பொருள் பார்க்க முழங்காலால் மிதித்துத்தான் திறக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல உடற்பயிற்சி.

நூல் நைலானாகவே இருக்கட்டும். தாளை அறுத்துவிட்டு அது மட்டும் முழுசாக மிஞ்சும். மெழுகு தடவிய பருத்தி நூல் தாளோடு ஒத்துப்போகும் என்று பைண்டர்கள் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். மைதாப் பசையில் மயில்துத்தமும் வேண்டாம், பூச்சிக்கும் பசிக்குமல்லவா?

ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்துக்கு மட்டும் யோசனையே தேவையில்லை. மூலையில் ஒரு ஓட்டை, ஒரு கயிறு. அடுத்த சித்திரை வரைக்கும் தாங்கினால் சரி.