அறுபத்தொன்றாவது பிள்ளை

மாட்டுத்தாவணியில் இப்போது மாடு கிடையாது. தாவணி என்றால் சந்தை. மாடு கட்டிய இடத்தில் 1999-இல் பேருந்து நிலையம் வந்தது. பக்கத்தில் காய்கறி மார்க்கெட்டும் பூ மார்க்கெட்டும் வந்தன. சந்தை நடந்த காலத்தில் தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாய் ஒரு விலை சொல்லும், துண்டுக்குள் விரல் வேறொன்று சொல்லும். மாடு போன பிறகு அந்தத் துண்டு என்ன ஆனது என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. எச்.எம். சாருடன் பழகிய பிறகு தீர்ந்தது.

எச்.எம். சாருக்குப் பெயர் வேண்டாம். ஒருவரைச் சொன்னால் நூறு பேர் கோபித்துக்கொள்வார்கள். மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் சொந்த வீடு, கோடு பிசகாத சலவைச் சட்டை, பையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேனா. ஒத்தக்கடை தாண்டி உள்ளே பிரிகிற ஒரு கிராமத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர்.

காலை ஏழேகாலுக்கு டீக்கடை முன்னால் அவரைப் பார்க்கலாம். ஒரு கையில் டீ கிளாஸ். இன்னொரு கையில் மகளின் புத்தகப்பை, சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், அன்றைக்கு ‘ப்ராஜெக்ட்’ இருந்தால் தெர்மாகோல் எரிமலை. மகள் நாலாம் வகுப்பு. மஞ்சள் வேன் வரும். மகளை ஏற்றுவார், எரிமலை நசுங்காமல் ஜன்னலோரம் வைக்கச் சொல்வார், டாட்டா காட்டுவார். வேன் திரும்பிய மறு நிமிடம் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்து என்னிடம் நீட்டுவார்.

“அண்ணே, ஒங்களுக்குத் தெரிஞ்சவிங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. அட்மிஷன் போட்டுக்கிட்டிருக்கோம். நம்ம பள்ளிக்கூடம் முன்ன மாதிரி இல்லண்ணே, தனியார்லாம் பிச்சை வாங்கணும்.”

ஐந்து நொடி இடைவெளியில் இந்த இரண்டு காரியத்தையும் முகம் மாறாமல் செய்ய முப்பது வருட சர்வீஸ் வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் பிள்ளையும் அதே வேனில் போனவன்தான். ஆனால் நான் நோட்டீஸ் அடிக்கவில்லை.

எச்.எம். சார் மோசமான வாத்தியார் இல்லை. அதுதான் இதில் சிக்கல். அட்டையை வெட்டி எழுத்து செய்வார், புளியங்கொட்டையில் கழித்தல் கணக்கு சொல்லித் தருவார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘ழ’ வரவைத்துவிட்டுத்தான் மதியம் சாப்பிடுவார். அவர் பள்ளிப் பிள்ளைகள் கூட்டல் கணக்கை விரல் விடாமல் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். மகள் படிக்கிற பள்ளியில் அந்த வசதி இல்லை. அங்கே வீட்டுப்பாடம் மட்டும்தான் தருவார்கள், பாடத்தை வீட்டில் நடத்த வேண்டும். ஆகவே ராத்திரி எட்டு மணிக்கு அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர், தனியார் பள்ளி மாணவி ஒருத்திக்கு வீட்டு ஹாலில் புளியங்கொட்டையோடு பாடம் நடத்துகிறார். அவள் புரிந்துகொண்டு மறுநாள் ‘வெரிகுட்’ வாங்கி வருகிறாள். பீஸ் தனியாருக்குப் போகிறது. “ஸ்கூல் நல்ல ஸ்கூல்ணே, பிள்ளை நல்லாப் படிக்கிறா” என்கிறார். யார் சொல்லிக்கொடுத்துப் படிக்கிறாள் என்று கேட்டால் அவருக்கே வெட்கமாகிவிடும் என்பதால் நான் கேட்பதில்லை.

அந்தப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் அவரை நீங்கள் பார்க்க வேண்டும். காலையில் அறுபது பிள்ளைகள் எழுந்து நின்று “வணக்கம் ஐயா” என்று ராகம் போட வகுப்பில் நுழைகிற மனுஷன். இங்கே எல்.கே.ஜி. பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார். எதிரே போன வருடம் படிப்பை முடித்த ஒரு மிஸ், இவர் வாங்குவதில் கால்வாசிகூட அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் இருக்காது. “சார், உங்க டாட்டருக்கு கான்சென்ட்ரேஷன் பத்தல. வீட்டுல கொஞ்சம் டீச் பண்ணுங்க” என்பாள். “எஸ் மேம்” என்பார். பணிமூப்பு, பதவி உயர்வு, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் அந்தக் குட்டி பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

இந்தக் கூட்டத்துக்கு வர அவர் தற்செயல் விடுப்பு எடுத்திருப்பார். விண்ணப்பத்தில் காரணம், ‘சொந்த அலுவல்’. அதே வாரம் அவர் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும். களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போன பெற்றோர் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். மறுநாள் டீக்கடையில் பெருமூச்சு விடுவார்: “பெத்தவிங்களுக்கு அக்கறையே இல்லண்ணே.”

சும்மா சொல்லக்கூடாது, அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஒருநாள் வாயைக் கிண்டியபோது துண்டை விலக்கிக் காட்டினார்.

“அஞ்சு வகுப்பு, ரெண்டு வாத்தியாருண்ணே. நான் மூணு வகுப்பை ஒண்ணா உக்கார வச்சிருக்கேன். நடுவுல எமிஸ் சைட்டுல பிள்ளைங்க விவரம் ஏத்தணும், முட்டைக் கணக்கு எழுதணும், வட்டாரக் கல்வி ஆபீசுக்கு ஓடணும். என் பிள்ளை அங்க படிச்சா ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான் நான் அவளுக்கு வாத்தியாரு. மீதி நேரம் அவ எனக்கு ஹெல்ப்பரு.”

“மூணாவது வாத்தியார் கேட்க வேண்டியதுதானே?”

“சட்டம்ணே. 2009 கல்வி உரிமைச் சட்டம். அறுபது பிள்ளை வரைக்கும் ரெண்டு பேரு. அறுபத்தொண்ணு ஆனா மூணு. எங்கிட்ட சொல்லி வச்ச மாதிரி அறுபதுலயே நிக்கிது.”

ஒரு பிள்ளை குறைகிறது என்பதைச் சொல்லும்போது அவர் பார்வை வேன் போன திசையில் இருந்தது. தற்செயலாக இருக்கலாம்.

இந்த வியாதி மாட்டுத்தாவணியில் மட்டும் இல்லை என்று ஆறுதல் சொன்னேன். அமெரிக்காவில் சிகாகோ என்று ஒரு ஊர். அங்கே அப்போதெல்லாம் நகரப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவையே மேயர்தான் நியமித்தார். 2011-இல் மேயரான ரஹம் இமானுவேல் தன் பிள்ளைகளைச் சேர்த்தது சிகாகோ பல்கலைக்கழகம் நடத்துகிற தனியார் பள்ளியில். அதைக் கேட்ட தொலைக்காட்சிச் செய்தியாளரிடம் கோபித்துக்கொண்டு பேட்டியிலிருந்து எழுந்து போனார். லண்டனில் டயான் அபட் என்ற தொழிற்கட்சி எம்.பி., தன் கட்சித் தலைவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி தேர்ந்தெடுத்த விதத்தைக் கடுமையாகப் பேசியவர். 2003-இல் தன் மகனைக் கட்டணப் பள்ளியில் சேர்த்தார்.

“பாத்தியளா, அவிங்களே அப்பிடி!” என்று எச்.எம். சார் இன்னொரு டீ சொன்னார்.

அந்த டீ வருவதற்குள் ஈரோட்டுக் கதையையும் சொன்னேன். 2011 ஜூன் மாதம், ஈரோடு கலெக்டர் ஆர்.ஆனந்தகுமார் தன் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தார். மற்றப் பெற்றோரோடு வரிசையில் நின்றார். சத்துணவும் மகளுக்கு அங்கேயேதான் என்றார். நாடே பேசியது.

எச்.எம். சார் கொஞ்ச நேரம் யோசித்தார். “கலெக்டருக்கு என்னண்ணே, அவரு பிள்ளை சேந்த மறுநாளு பள்ளிக்கூடத்தை எட்டிப் பாக்க ஊரே வரும். என் பிள்ளை சேந்தா நான் மட்டும்தான் வருவேன்.”

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. டீயைக் குடித்தேன்.

கலெக்டர் தானாகச் செய்ததை, அலகாபாத் உயர்நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் உத்தரவாகவே போட்டது. உத்தரப்பிரதேசத்தில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களும் மக்கள் பிரதிநிதிகளும் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும்; தனியாரில் சேர்த்தால் அங்கே கட்டுகிற அளவு பணத்தை அரசுக்கும் கட்ட வேண்டும் என்றது. அன்றைக்கு எச்.எம். சார் பேப்பரை மடித்துவைத்து, “உத்தரப்பிரதேசம் ரொம்பத் தூரம்ணே, மாட்டுத்தாவணியிலருந்து நேர் பஸ் கிடையாது” என்றார். 2017-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியிலேயே ஏன் சேர்க்கக்கூடாது என்று கேட்டபோது மட்டும் அவர் முகம் லேசாக வாடியது. சென்னைக்கு மாட்டுத்தாவணியிலிருந்து ராத்திரி முழுக்க பஸ் உண்டு. நல்லவேளையாக இரண்டு ஊர்க் கேள்வியும் பேப்பரோடு நின்றுவிட்டது.

உண்மையில் அவரைக் கலங்கடித்தது கோர்ட் இல்லை, 7.5 சதவீதம். 2020-இல் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ஒதுக்கீடு வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மூத்த பையன் ஆறாப்புப் போகிற வருடம் வீட்டில் மூன்று நாள் மாநாடு நடந்தது. டாக்டர் சீட்டா, இங்கிலீஷா? இங்கிலீஷ் ஜெயித்தது. “வீட்டுல ஒத்துக்கிறலண்ணே” என்றார். அவர் வீட்டம்மாவை ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தபோது, “அவருதாண்ணே வேணாம்னுட்டாரு” என்றார். இரண்டு பேரில் ஒருவர் துண்டுக்குள் பேசியிருக்கிறார். இப்போது பையன் ஒன்பதாவது. நீட் கோச்சிங்குக்கு எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வருமான வரி மாதமான பிப்ரவரியிலும் அவர் பாடு கொஞ்சம் சங்கடம்தான். வரியில் கழிப்பதற்காகப் பிள்ளைகளின் பீஸ் ரசீதைச் சம்பளப் பட்டியலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர் தனியார் பள்ளிக்குக் கட்டியதற்கான அத்தாட்சியைக் கல்வித்துறை அலுவலகத்திலேயே கொடுத்து முத்திரை வாங்குகிற நாள் அது. கூச்சப்பட ஒன்றுமில்லை. வரிசையில் முன்னால் நிற்கிறவர் கையிலும் அதே ரசீது, பின்னால் நிற்கிறவர் கையிலும் அதே.

இனி ஜூன் மாதத்துக்கு வருவோம். மாணவர் சேர்க்கைப் பேரணி. முன்னால் பறை, பின்னால் தட்டி பிடித்த பிள்ளைகள், நடுவில் ஆட்டோவில் மைக் செட்டோடு எச்.எம். சார். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவார்: புத்தகம் இலவசம், சீருடை இலவசம், செருப்பு இலவசம், மதியம் முட்டையோடு சாப்பாடு. காலைச் சாப்பாடும் உண்டு, அந்தத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி முதலமைச்சர் தொடங்கிவைத்ததே நம் மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்! ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தால் கல்லூரி போகிற பெண்பிள்ளைக்கு மாதம் 1000 ரூபாய்! மருத்துவத்துக்கு 7.5 சதவீதம்! இந்தக் கடைசி வரியில் குரல் இலேசாகக் கம்மும். கேட்கிறவர்கள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த ஊரில் பூக்காரம்மா ஒருத்தி. விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு வந்து உதிரிப்பூ வாங்கிப் போய், தொடுத்து ஊருக்குள் விற்கிறவள். மகளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பேரணி அவள் வாசலில் நின்றது. எச்.எம். சார் ஆட்டோவிலிருந்து இறங்கி நோட்டீசைக் கையில் கொடுத்தார். அறுபத்தொன்று கண்ணுக்கு முன்னால் பெண்பிள்ளையாக நிற்கிறது. பிறகு நடந்ததை அவரே என்னிடம் சொன்னார்.

“சார், ஒங்க பாப்பா எங்கிட்டு படிக்கிது?”

“அது... டவுனுக்குள்ள.”

“நான்தான் பூ வாங்கிட்டுத் திரும்பையில தெனம் பாக்குறேனே சார். மஞ்ச வேன்ல ஏத்தி விடுவிய. அதுல எழுதியிருக்கிற பேரு எனக்கு வாசிக்கத் தெரியல. நீங்களே பாத்துச் சேத்திருக்கியன்னா அது நல்ல பள்ளிக்கூடமாத்தான் இருக்கும். அந்தப் பேரை மட்டும் இந்த நோட்டீசுக்குப் பின்னாடி எழுதிக் குடுங்க சார்.”

“எழுதிக் குடுத்தியளா?” என்றேன்.

“கேட்டுப்புட்டாளேண்ணே. வாசிக்கத் தெரியாத பிள்ளை.”

அழகாக எழுதியிருக்கிறார். மூன்று பேனாவில் நீலத்தை எடுத்து, ஒற்றுப் பிழை இல்லாமல், போன் நம்பரோடு. தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டார்.

ஏமாற்றுகிறார் என்று அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பீஸ் அவர் சொந்தப் பணம், பிள்ளை அவர் சொந்தப் பிள்ளை. ஆனால் பூக்காரம்மாவுக்கு நோட்டீசும் வாசிக்கத் தெரியாது, வேனில் எழுதியிருப்பதும் வாசிக்கத் தெரியாது. அவள் வாசித்தது வாத்தியாரை. ஊரில் எல்லோரும் வாசிப்பது அவரைத்தான். துண்டுக்குள் என்ன விரல் பிடிக்கிறார் என்று பார்க்கத் தெரியாதவர்கள் மாட்டுத்தாவணிப் பக்கம் பிழைக்கவே முடியாது.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படிதான் ஆசிரியர் பணியிடம் கணக்கிடுவார்கள். அன்றைக்குக் காலையில் மேலூர் சாலையிலிருந்து மஞ்சள் வேன் வந்து டீக்கடை முன்னால் நின்றது. ஜன்னலோரம் பூக்காரம்மா மகள், தலை நிறைய மல்லிகைப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். எச்.எம். சார் தன் மகளை ஏற்றிப் பக்கத்தில் உட்காரவைத்தார். டாட்டா காட்டினார். பிறகு மேலூர் பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போய் வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.

அறுபது.