உழக்கிலே கிழக்கு மேற்கு

உலகத்து அளவைகளையெல்லாம் கரைத்துக் குடித்த ஒரு மென்பொருள், ஓர் உழக்கின் முன்னால் வந்து தயங்கி நின்றது ஏன் என்பதே இவ்வாய்வின் பொருள். இதை இதுவரை யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஆராயத் தேவை இருந்ததா என்ற கேள்வி இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

மென்பொருளின் பெயர் யூனிட்ஸ். லினக்ஸ் கணினியில் நிறுவிவிட்டு, கறுப்புத் திரையில் அந்தப் பெயரைத் தட்டினால் போதும், எழுந்து வரும். படம் இல்லை, பொத்தான் இல்லை. வந்ததும் வராததுமாக இரண்டு கேள்வி கேட்கும்: உன்னிடம் இருப்பது என்ன? உனக்கு வேண்டியது என்ன? இதே இரண்டு கேள்விகளைப் பெண் கேட்டுப் போன வீட்டில் என்னிடமும் கேட்டார்கள். பதில் சொல்லி முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. இங்கே ‘இன்ச்’ என்றும் ‘சென்டிமீட்டர்’ என்றும் தட்டினால் இரண்டே வரியில் கதை முடிந்துவிடும். முதல் வரியில் பெருக்க வேண்டிய எண், 2.54. இரண்டாம் வரியில் வகுக்க வேண்டிய எண், 0.39370079. வணக்கம், நன்றி எதுவும் கிடையாது.

வம்சாவளி சொல்லாமல் ஆய்வு தொடங்கக் கூடாது. இதன் மூதாதை 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு பிறந்தது. இன்று புழங்குவது, குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கிளையில் வந்த அதன் பேரன். எழுதிப் பேணி வருபவர் ஏட்ரியன் மரியானோ. இதன் மூளை ஒரு சாதாரண உரைக்கோப்பு. யாரும் திறந்து படிக்கலாம். அண்மைப் பதிப்புகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அலகுகள் அதில் இருக்கின்றன. வரிக்கு வரி விளக்கமும் உண்டு. நான் இரவில் தூக்கம் வராதபோது படிப்பது அதைத்தான். வீட்டில் இதைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது.

அந்தக் கோப்பின் ஒரு மூலையில் நம் நாடும் இருக்கிறது. லட்சம் உண்டு, கோடி உண்டு. சேர் 14,400 கிரெயின் என்றும், மணங்குக்கு நாற்பது சேர் என்றும் கறாராக எழுதியிருக்கிறது. அந்த வரிசையில் ‘ஆலக்’ என்று ஒன்று. கால் லிட்டராம். பக்கத்திலேயே ஒரு குறிப்பு: இது சரிதானா?

நட்சத்திரங்களுக்கு இடையிலான தூரத்தைப் பிசிறில்லாமல் சொல்கிற கோப்பு, நம் அரிசிப் பானைக்குள் கையை விட்டதும் குரல் கம்மிப்போகிறது. கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்வது நம் கடமை அல்லவா?

ஆய்வாளரின் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் கோவையில் பம்புசெட்டுகளுக்குக் கையேடு எழுதிப் பிழைப்பவன். இந்தத் தொழிலில் போர் ஆழம் அடியில் இருக்கும், பைப்பு இன்ச்சில், மோட்டார் எச்பியில், தண்ணீர் லிட்டரில். நாலும் ஒரே பக்கத்தில் வரும். விவசாயிக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பம் ஆரம்பிப்பது ‘எல்லாம் மெட்ரிக்கில் வேண்டும்’ என்று ஏற்றுமதிப் பிரிவிலிருந்து கடிதம் வரும்போதுதான். அப்படி ஒரு கடிதம் வந்தது. நான் ஒரு குட்டி நிரல் எழுதினேன். கையேட்டில் ‘இன்ச்’ என்று கண்ட இடத்திலெல்லாம் முன்னால் நிற்கும் எண்ணைப் பிடுங்கி யூனிட்ஸிடம் கொடுக்கும். அது தருகிற மில்லிமீட்டரை அதே குழியில் நடும். இருநூறு பக்கம், அரை நிமிடம். அன்று மாலை சீக்கிரம் வீட்டுக்குப் போனேன்.

தமிழ்ப் பதிப்பும் அதே கோப்பிலிருந்து அச்சாகும் என்பதை மறந்திருந்தேன். பத்து நாள் கழித்து ஒரு ப்ளம்பர் அண்ணன் கூப்பிட்டார். “ஏனுங்க, இந்த அம்பது பாயிண்ட் எட்டு எம்எம் பைப்பு எந்தக் கடைலங்க கெடைக்கும்? காலைல இருந்து ஏறி எறங்கிட்டு இருக்கேனுங்க.”

கணக்கில் பிழை இல்லை. இரண்டு இன்ச் என்பது 50.8 மில்லிமீட்டரேதான். ஆனால் கடையில் ‘ரெண்டு இன்ச் பிவிசி’ என்று கேட்டால் எடுத்துப் போடுவது 63 மி.மீ. வெளிவிட்டமுள்ள பைப்பை. ஒன்றரை என்றால் 50, மூன்று என்றால் 90, நாலு என்றால் 110. ஆக, பைப்புக் கடையில் இன்ச் என்பது அளவு அல்ல, பெயர். பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யூனிட்ஸ் என்ன செய்யும்? பெருக்கும். சின்னசாமியை 2.54ஆல் பெருக்கினால் பெரியசாமி வந்துவிட மாட்டார்.

கையேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தபோது இன்னும் சில அவலங்கள் கண்ணில் பட்டன. ‘தரையிலிருந்து சுமார் 6 இன்ச் உயரத்தில்’ என்று நான் எழுதியது ‘சுமார் 152.4 மி.மீ.’ ஆகியிருந்தது. சுமார் இருக்கும் வீட்டில் புள்ளி நாலு குடியிருக்க முடியாது. 5 எச்பி மோட்டாரின் தகட்டில் 3.7 கிலோவாட் என்று பொறித்திருக்கும். என் கையேட்டில் 3.7284994. மிச்சமுள்ள இருபத்தெட்டரை வாட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு டீலர் கேட்டார். கேலியா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

1999 செப்டம்பரில் செவ்வாயில் அழிந்த நாசா விண்கலத்தை இந்த இடத்தில் குறிப்பிடுவது இத்துறைக் கட்டுரைகளின் மரபு. மீற எனக்குத் துணிவில்லை. ஒரு தரப்பு பவுண்டு-விசையில் எழுதி அனுப்பியதை மறுதரப்பு நியூட்டன் என்று வாசித்துவிட்டது. வித்தியாசம் ஏறக்குறைய 4.45 மடங்கு. விண்கலத்துக்குப் பாவம், போன் போட்டுக் கேட்க வழியில்லை.

யூனிட்ஸின் குணநலன்களையும் பதிவு செய்ய வேண்டும். நம் ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்ப்பார். யூனிட்ஸ் ஒரே பொருத்தம்தான் பார்க்கும்: பரிமாணம். நீளத்தை நீளத்தோடும் எடையை எடையோடும் மட்டுமே சேர்க்கும். மீறினால் ‘பொருந்தவில்லை’ என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கப் பார்த்த ஐந்து சென்ட் நிலம் எத்தனை ஏக்கர் என்று ஒருநாள் கேட்டேன். பொருந்தவில்லை என்றது. காரணம், அதற்குத் தெரிந்த சென்ட் அமெரிக்க டாலரில் நூறில் ஒன்று. விலையைக் கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரரும் பொருந்தவில்லை என்றுதான் சொன்னார். அத்தையின் நாலு பவுன் வளையலைக் கொடுத்துப் பார்த்ததில் வேறு விதமான அதிர்ச்சி. பவுண்டு என்று எடுத்துக்கொண்டு 1.814 கிலோ என்றது. எட்டு கிராம் பவுனை அது கேள்விப்பட்டதில்லை. அத்தையிடம் இந்த விடையைச் சொன்னபோது, யூனிட்ஸைப் பாராட்டிப் பேசிய முதல் உறவினர் ஆனார்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 37 டிகிரி செல்சியஸ் எத்தனை ஃபாரன்ஹீட் என்று சாதாரணமாகக் கேட்டால் 66.6 என்று சொல்லும். மனிதன் செத்து நெடுநேரம் ஆனால்தான் அந்த எண் வரும். பிழை நம்முடையது. அது சொல்வது 37 படிகள் ஏறினால் அந்தப் பக்கம் எத்தனை படிகள் என்று. இரண்டு ஏணிகளும் தொடங்கும் இடம் வேறு வேறு என்பதை நாம் சொல்லவில்லை. உடம்புச் சூட்டைக் கேட்க வேண்டுமானால் வெப்பநிலைக்கென்றே இருக்கும் தனிச் சொல்லைப் போட்டு, எண்ணை அடைப்புக்குறிக்குள் வைத்துக் கேட்க வேண்டும். அப்போது ஒழுங்காக 98.6 என்று வரும்.

இனி உழக்கு.

முதலில் ஓர் ஒப்பீடு. ஜப்பானியர் அரிசி அளக்கும் ‘கோ’ இந்தக் கோப்பில் இருக்கிறது. பத்து கோ சேர்ந்தது ஒரு ‘ஷோ’; ஒரு ஷோ 1331இல் 2401 பங்கு லிட்டர் என்று பின்னமாகவே எழுதியிருக்கிறது. ஒரு கோவுக்கு 180 மில்லியும் சொச்சமும். மின்சாரக் குக்கரோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் குவளை பெரும்பாலும் அதே 180தான். பின்னம் வரை துல்லியம், கேள்விக்குறி இல்லை. அது போகட்டும், பழைய நாடு. 1958இல் எம்ஐடி மாணவர்கள் ஆலிவர் ஸ்மூட் என்ற தோழனை ஹார்வர்டு பாலத்தின்மேல் திரும்பத் திரும்பப் படுக்கவைத்து அளந்தார்கள். பாலத்தின் நீளம் 364.4 ஸ்மூட், கூடவே ஒரு காது. அந்த விளையாட்டும் கோப்பில் ஏறியிருக்கிறது: ஒரு ஸ்மூட் ஐந்தடி ஏழு அங்குலம். அதற்கும் கேள்விக்குறி இல்லை. (படுத்துக் கிடந்தவர் பின்னாளில் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தலைவரானார் என்பதால் வாயைத் திறக்க முடியவில்லை.) நூற்றாண்டுகளாகச் சோறு அளந்த ஆலக்கிடம் மட்டும்தான் சந்தேகம்.

ஆலக் என்பது யார்? வெள்ளைக்காரக் காது நம் ஒலிகளைத் தாங்காது, ழகரத்தை அறவே தாங்காது. மரக்கால் ‘மெர்க்கால்’ ஆயிற்று, படி ‘படி’யாக நிற்காமல் ‘பட்டி’ ஆயிற்று, கரிசை ‘கார்ஸ்’ ஆயிற்று. அந்த வழியில் உழக்கு ‘ஆலக்’ ஆகியிருக்க வேண்டும். ஒலி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கும்பினி காலத்து மதராஸ் கணக்கு வேறு சொல்கிறது: எட்டு ஆலக் ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். நம் கணக்கிலோ நாலு உழக்குதான் ஒரு படி. எட்டு என்றால் அது ஆழாக்கு. ஆக, பெயர் உழக்கினுடையது, வயிறு ஆழாக்கினுடையது.

மதராஸ் மரக்கால் முன்பு 750 கன அங்குலம், பிறகு 800. அறுபத்துநாலால் வகுத்தால் ஒரு ஆலக் 192 மில்லி, அல்லது 205. கால் லிட்டர் வரவில்லை. நம்மவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் அட்டவணையில் ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336. அதிலும் வரவில்லை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினேன்: 252! ஆழாக்கா உழக்கா என்ற குழப்பத்தில் யாரோ நடுவே பாலம் போட்டிருக்கிறார்கள் என்ற கோட்பாட்டை நிறுவி, இரண்டு நாள் தலைநிமிர்ந்து நடந்தேன். “கால் லிட்டர்னா கணக்குக்குச் சுலபம்னு போட்டிருப்பாங்கண்ணா” என்றான் தம்பி. எளிய விளக்கமே சரியாக இருக்கும் என்று அறிஞர்கள் சொல்வார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

மொழிச் சான்றும் உதவவில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்கிறது பழமொழி. வேளாண் பொருளாதாரப்படி, உழக்கு என்பது பூச்சியத்துக்குச் சற்று மேலான ஓர் அளவு. அதற்குமேல் அதிலிருந்து எதையும் பெற முடியாது. கொங்குப் பக்கம் வள்ளம் என்ற அளவு வேறு குறுக்கே வரும். அதைத் தொடவே இல்லை.

கடைசியில் களஆய்வு. அம்மாவின் அரிசிப் பானையில் ஒரு பித்தளை ஆழாக்கு கிடக்கிறது. விளிம்பில் சின்ன ஒடுக்கு. பக்கத்தில் ஒரு முத்திரை இருந்த தடம், எண் தேய்ந்துவிட்டது. சமையலறைத் தராசில் அதை வைத்து, எடையைப் பூச்சியமாக்கி, தண்ணீர் நிறைத்தேன். தண்ணீரில் ஒரு மில்லி ஒரு கிராம் என்பதால் மாற்றுக் கணக்கே வேண்டாம். 198. மறுபடி, 201. மூன்றாம் முறை 197. ஊற்றி முடிப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள். “ஏங்கண்ணு, அரிசி அளக்கறதுல தண்ணிய ஊத்தி ஈரம் பண்ணி வெச்சா வண்டு புடிக்காதா?” ஆய்வு அத்துடன் நிறுத்தப்பட்டது.

1956இல் எடை அளவைச் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைக்கற்கள் கடைக்கு வந்தன. படியும் மரக்காலும் வியாபாரத்திலிருந்து இறங்கிவிட்டன. அம்மாவின் ஆழாக்குக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. மூன்று பேர் வீட்டில் இருந்தால் ஒன்றரை, விருந்தாளி வந்தால் இரண்டரை. சோறு குழைந்ததும் இல்லை, பற்றாமல் போனதும் இல்லை.

தீர்ப்பு: சரியில்லை. ஆலக் கால் லிட்டர் இல்லை. ஏறக்குறைய 200 மில்லி. யூனிட்ஸில் அவரவர் சொந்த அளவுகளை எழுதிவைக்கத் தனிக்கோப்புக்கு இடம் உண்டு. அதில் ஆழாக்கு 200 மில்லி, உழக்கு இரண்டு ஆழாக்கு, படி நாலு உழக்கு, மரக்கால் எட்டுப் படி என்று என் கையாலேயே எழுதிவிட்டேன்.

ஆனால் ஒடுக்கு விழுந்த ஒரே ஒரு பாத்திரத்தை நம்பி உலகத்துக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. முத்திரை தேயாத பித்தளை ஆழாக்கோ உழக்கோ உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், புளி போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிறைத்து நிறுத்து, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்துச் சொல்லுங்கள். அரிசி போட்டு அளந்துவிடாதீர்கள். தலைதட்டினீர்களா குவித்தீர்களா என்ற சண்டைக்கு இன்னொரு ஆய்வுக் கட்டுரை எழுத என்னால் ஆகாது.