கறுப்புக் கட்டம்

2018-இல் புதிய பாடநூல்கள் வந்தபோது, பாடத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டமும் கூடவே வந்தது. கியூஆர் கோடு. போனைக் காட்டினால் இதயம் துடிக்கும், தேற்றம் விரியும், செய்யுள் பாடும். அருமைதான். ஆனால் பள்ளிக்குள் மாணவர் போன் கொண்டுவரக் கூடாது. நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைக் கேட்கவே வேண்டாம். அம்மா கொண்டுவரும் முறுக்குப் பொட்டலத்தையே பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

ஆக, கட்டம் பிள்ளையிடம், போன் வாத்தியாரிடம். அந்தப் போனோ காலையில் எமிஸ் செயலியின் வருகைப்பதிவுக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கட்டத்தில் விட்டுப்போன வெள்ளையையெல்லாம் பால்பாயின்ட் பேனாவால் நிரப்பி முடித்துவிட்டார்கள்.

அரசுப் பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நாமக்கல் ஆஞ்சநேயர் சன்னதிக்கு அடுத்தபடியாக, செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு நுழைகிற இடம் அதுதான். ஆஞ்சநேயருக்குக் கூரை கிடையாது. இதற்குக் கூரையும் உண்டு, பூட்டும் உண்டு. சாவி ஹெச்.எம். மேசையில், ஹெச்.எம். மீட்டிங்கில்.

மிச்சமிருப்பது வீடு. ராத்திரி அப்பா கோழிப்பண்ணையிலிருந்து திரும்பியதும் அந்த ஒரே போன் மகன் கைக்கு வரும். செய்யுள் வீடியோ சுற்றிச் சுற்றித் திறப்பதற்குள் வாட்ஸப்பில் நாளைய முட்டை விலை வந்து விழும்.

“அஞ்சு பைசா ஏறிப்போச்சுங்கப்பா!”

“குடுறா இங்க.”