நல்ல நேரத்துக்காரர்

பட்டு நெசவு ஊரான தேசூரில் தறிச் சத்தம் கேட்கிற எந்தத் தெருவிலும் இவரைப் பார்க்கலாம். கைப்பேசியில் எதைப் பதிவு செய்தாலும் ஒரு கண் திரையில், மறு கண் சுவரிலுள்ள தினசரிக் காலண்டரில். முன்பதிவுச் செயலி ஒப்புக்கொண்ட நேரத்தை இவர் மறுபடி சோதிப்பார். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று ஏழு நாளின் ராகு காலமும் நாக்கு நுனியில். ரயில்வேயின் தட்கல் முன்பதிவு ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. வெள்ளிக்கிழமை ஏசிக்காரர் தப்பிவிடுகிறார். ஸ்லீப்பர்காரர் ராகுவிடம் சிக்குகிறார். சனிக்கிழமை 9 முதல் 10.30 என்பதால் கதை தலைகீழ். ராகுவும் வகுப்பு பார்க்கிறார் என்பது இவர் துணிபு.

சிரிக்குமுன் செயலியின் லட்சணத்தைப் பாருங்கள். கடந்துபோன நேரமா, கடை மூடிய நேரமா, முடிவு தொடக்கத்துக்கு முந்தியதா என்று பார்க்கும்; பிசகினால் பொத்தானை மங்கலாக்கிவிட்டு வாய் திறக்காது. இவரோ, "பத்தரைக்கு வேணாம் தம்பி, ராகு காலம், பத்தே காலுக்குப் போட்டுடு" என்பார். மறுப்பு, காரணம், மாற்று மூன்றும் ஒரே மூச்சில். அவசரத்துக்குச் சலுகையும் உண்டு: நல்ல நேரத்தில் பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால், ராகு காலத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. செயலியில் பாதி நிரப்பிய படிவத்துக்கு அந்தக் கருணை அபூர்வம்.

ராகு காலத்துக்கு ஆதாரம் ஏது என்பீர்கள். கேள்வி நியாயம்தான். பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு ராகு காலம். காலண்டர் கணக்கு ஆறு மணிக்கு விடியும் என்று வைத்துக்கொண்டது. தேசூரில் ஜனவரிக் கடைசியில் சூரியன் ஆறரைக்குப் பிறகுதான் எழும். ஆக, அவர் சாத்திரப்படியே காலை ராகு காலம் ஏறக்குறைய அரை மணி பிசகுகிறது. ஆனால் கைப்பேசிக் கடிகாரத்தை மட்டும் நம்பும் செயலியும் இதே ரகம்தான்: கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அதற்கு நேற்றும் நாளையாகிவிடும். அதனால்தான் சர்வரிலும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்கிறார்கள். தவிர, பட்டு நெய்யும் ஊரில் நேரம் பார்ப்பவரைக் கேலி செய்வது கைக்காசைக் கேலி செய்வது. முகூர்த்தம் இல்லாவிட்டால் கல்யாணப் புடவை ஏது?

செயலி எழுதுவோர் அவருடைய ராகுவை விட்டுவிடலாம். அவர் மரியாதையை விடக்கூடாது. ஒரு நேரத்தை மறுத்தால் ஏன் என்று சொல்லுங்கள், வேறு எப்போது முடியும் என்றும் சொல்லுங்கள்.