பேயறைந்த விருந்து: ஹாலோவீன் இரவைக் குடும்பத்தோடு கொண்டாடப் பன்னிரண்டு படிகள்

அக்டோபர் 31 மாலை பிள்ளைகளுக்கு நாலு தோசை ஊற்றிக் கொடுத்து, வேஷம் கட்டிவிட்டு, கையில் ஒரு வாளியைத் திணித்துத் தெருவுக்கு அனுப்புகிறவரா நீங்கள்? உங்களுக்குச் சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. போய் நிம்மதியாக இருங்கள்.

மற்றவர்கள் அருகில் வாருங்கள். நியூ ஜெர்சியில் ஒரு முட்டுச்சந்து வீடு. எட்டு வயதில் ஒரு மகள், நான்கு வயதில் ஒரு மகன், ஆறு மாதம் தங்க வந்திருக்கும் திருநெல்வேலிப் பாட்டி, எதைக் கேட்டாலும் ‘உன் இஷ்டம்’ என்று சொல்லும் வாழ்க்கைத் துணை. இத்தனை பேரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஹாலோவீன் தீம் டின்னர் போடாமல் விடுவது பெரும் வீண். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண்மணி அதை நாற்பது விநாடியில் செய்து முடித்தார். உங்களுக்கு ஒரு வாரம் போதும்.

படி 1: நேரத்தைக் குறியுங்கள்

விருந்தைச் சரியாக மாலை 6 மணிக்கு வையுங்கள். அன்று நியூ ஜெர்சியில் சூரியன் மறைவது ஏறத்தாழ அப்போதுதான். தெருவில் உள்ள அத்தனை பிள்ளைகளும் மிட்டாய் கேட்டுக் கிளம்புவதும் அப்போதுதான். 4 மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிடலாமே என்று யாராவது சொன்னால், ‘பேய்கள் வெயிலில் சாப்பிடாது’ என்று பதில் சொல்லுங்கள்.

2026-இல் ஹாலோவீன் சனிக்கிழமை வருகிறது. ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. அதைவிட நல்ல செய்தி: அன்று பின்னிரவு 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். பாத்திரம் தேய்க்க அரசாங்கமே பார்த்துக் கொடுக்கும் கூடுதல் நேரம் அது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: தீமைப் பிள்ளைகளிடமே கேளுங்கள்

குடும்ப விழா என்றால் எல்லோருடைய கருத்தும் முக்கியம். மகள் ‘பூனை’ என்பாள். மகன் ‘குப்பை லாரி’ என்பான். இரண்டையும் அழகாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ‘விக்டோரியா காலத்துக் கல்லறை’ என்று அறிவித்து, ‘நாம எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணினோம்’ என்று சொல்லுங்கள். மகன் அழுதால், குப்பை லாரி கல்லறைக்கும் வரும் என்று சொல்லிச் சமாளியுங்கள். அந்த வாக்கை எக்காரணம் கொண்டும் காப்பாற்றாதீர்கள்.

படி 3: தவறான பூசணியை வாங்குங்கள்

கடையில் இரண்டு தொட்டிகள் இருக்கும். ஒன்றில் சின்னதாக, சதைப்பற்றாக, இனிப்பாக இருப்பவை சமையலுக்கு. மற்றொன்றில் பெரிதாக, கம்பீரமான காம்போடு இருப்பவை முகம் செதுக்க. இந்த இரண்டாவது கூட்டத்தில் புகழ்பெற்றது ஹௌடன் ரகம். மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹௌடன் 1960களில் உருவாக்கியது. பார்க்க ராஜா, உள்ளே தண்ணீரும் நாரும். அதில் மிகப் பெரியதைத் தூக்கி வாருங்கள். செதுக்கியது போக மிஞ்சிய சதையில் சூப் வைக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் இங்கே பூசணி பெரிதாகவும் குடைய இலகுவாகவும் இருப்பதைப் பார்த்து அதற்கு மாறிக்கொண்டார்கள். வேலை சுலபமாக வேண்டும் என்று அவர்கள் அன்று செய்த ஏற்பாட்டை, மூன்று பக்க வரைபடமும் பதினோரு கத்திகளும் கொண்ட செதுக்குப் பெட்டி வாங்கிச் சரிக்கட்டுங்கள்.

பிள்ளைகளுக்கும் பங்கு கொடுங்கள். உள்ளே இருக்கும் வழவழப்பைக் கையால் அள்ளும் வேலை அவர்களுடையது. முகம் வரையும் வேலை உங்களுடையது. அவர்களிடம் பேனாவைக் கொடுத்தால் சிரிக்கிற முகமாக வரைந்துவிடுவார்கள்.

விதைகளை வறுத்துத் தருவதாகச் சொல்லி ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். வாடை வரும்வரை அது சிங்க் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வாசலில் கோர முகத்தோடு பூசணி உட்கார்ந்ததும், பாட்டி பேத்தியைக் கூப்பிட்டு, “ஏளா, இத எப்ப நடுத்தெருவுல போட்டு உடைக்கணும்?” என்று கேட்பார். திருஷ்டி கழிப்பதில் அவருக்கு அனுபவம் உண்டு. ஆனாலும் அவரை உட்கார வைத்து, கெல்டிக் மக்களின் சவின் பண்டிகை பற்றி இருபது நிமிடம் விளக்குங்கள். இறந்தவர்கள் அன்று வீடு தேடி வருவார்கள் என்ற நம்பிக்கை, அவர்களுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கும் வழக்கம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குப் படைக்கிறவர் என்பதை நினைவில் கொண்டுவராதீர்கள்.

படி 4: மெனுவைத் தீர்மானியுங்கள்

விதி ஒன்றே ஒன்று: நன்றாக இருக்கும் சாப்பாட்டைப் பார்க்கச் சகிக்காதபடி செய்ய வேண்டும். உங்கள் மகன் இட்லியில் ஒரு கடுகு தெரிந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறவன். அவனுக்காகவே அமைந்தது இந்தப் பட்டியல்:

- கண்விழி ஸ்பகெட்டி: சிவப்பு சாஸுக்கு மேல் உருண்டை மொசரெல்லா, அதன் நடுவில் ஆலிவ் வளையம். அது அவனையே பார்க்க வேண்டும்.
- மம்மி: டப்பாவில் வரும் கிரெசன்ட் மாவைக் கீற்றாக வெட்டி ஹாட் டாக்கின்மேல் சுற்றி, 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வேகவைத்தது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு கேரட் மம்மி. அது உள்ளே வேகாது. மம்மி என்றால் அப்படித்தான் இருக்கும்.
- சூனியக்காரி விரல்: பிஸ்கட், நகத்துக்குப் பாதாம்.
- மூளை: அச்சில் ஊற்றிய ஜெல்லி. தட்டில் கவிழ்க்கும்போது இடது பாதி மட்டும் வரும்.

இதைப் பார்த்துவிட்டுப் பாட்டி, “இதுக்கா இம்புட்டுப் பாடு? பீட்ரூட் சாறு விட்டு இடியாப்பம் பிழிஞ்சா அச்சு அசல் மூளைதான?” என்பார். கவனம். இது சுலபம், சுவையானது, பிள்ளைகள் சாப்பிடவும் கூடும். உடனே நிராகரியுங்கள்.

படி 5: கறுப்பைத் தாராளமாகச் சேருங்கள்

கேக்கின் மேல்பூச்சு அட்டக்கறுப்பாக இருக்க வேண்டும். பாக்கெட்டில் சொன்ன அளவுக்குச் சாம்பல் நிறம்தான் வரும். அதனால் பாட்டிலைக் கவிழ்த்துவிடுங்கள். பல், நாக்கு, சட்டைக் காலர், சோபா எல்லாம் ஒரே தீமில் வந்துவிடும்.

2015-இல் பர்கர் கிங் ஹாலோவீனுக்காகக் கறுப்பு பன்னில் ஒரு பர்கர் விற்றது. மறுநாள் காலை கழிப்பறையில் பச்சையைப் பார்த்தவர்கள் அந்த அதிசயத்தை இணையமெங்கும் பகிர்ந்தார்கள். உங்கள் விருந்தும் மறுநாள் காலைவரை நீளட்டும். யாரையும் முன்கூட்டி எச்சரிக்காதீர்கள், திகில் போய்விடும்.

படி 6: புகை வரவழையுங்கள்

உலர் பனிக்கட்டி வாங்குங்கள். உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். கையால் தொடக்கூடாது, வாயில் போடக்கூடாது, மூடிய அறையில் வைக்கக்கூடாது என்று எச்சரிக்கை இருக்கும். நான்கு வயதுப் பையன் கைக்கு எட்டும் மேஜையின் நடுவில் வைக்க இதைவிடப் பொருத்தமான பொருள் எது? அன்றைய இரவு முழுதும் குடும்ப உரையாடல் ‘தொடாதே’ என்ற ஒரே சொல்லில் நடக்கும். அக்டோபர் குளிர் உள்ளே வர ஜன்னலும் திறந்திருக்கும். சூப் ஆறுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். அதை யாரும் குடிக்கப் போவதில்லை.

படி 7: எல்லோரையும் சேர்ந்து செய்ய வையுங்கள்

மகன் ஒரு மம்மிக்கு மூன்று கண் வைப்பான். ‘சூப்பர்டா கண்ணா!’ என்று பாராட்டிவிட்டு, அவன் திரும்பியதும் ஒன்றைப் பிடுங்குங்கள். அவன் திரும்பிப் பார்த்து எண்ணுவான். அவனுக்கு மூன்றுவரை எண்ணத் தெரியும் என்பதை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மகள் விரல் பிஸ்கட்டைப் பூனைப் பாதமாகப் பிடித்து வைத்திருப்பாள். அதைத் தட்டின் அடி வரிசையில் மறைத்து வையுங்கள். துணையை ஆலிவ் வாங்க அனுப்புங்கள். வந்ததும், கறுப்பு ஆலிவ் என்று சொன்னேனே என்று திரும்ப அனுப்புங்கள்.

படி 8: வேஷத்தோடுதான் பந்தி

காற்றடைத்த டைனோசர் உடைக்குள் மகனை ஏற்றி நாற்காலியில் உட்கார வையுங்கள். அந்தக் கை வாய்க்கு எட்டாது. மகளுக்கு முகச்சாயம் பூசி, வாயை அசைத்தால் வெடித்துவிடும் என்று சொல்லி வையுங்கள். பாட்டிக்குக் கூர்த்தொப்பி. அவர் மறுக்கமாட்டார்; பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்களே என்று மாட்டிக்கொள்வார். விருந்தில் உண்மையாகவே வேடிக்கையான கணம் இதுதான். அப்போது நீங்கள் அடுப்படியில் இருக்க வேண்டும்.

படி 9: விளக்கை அணையுங்கள்

ஒரே ஒரு மெழுகுவர்த்தி. தட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மம்மிகள் தீய்ந்ததும் தெரியாது.

படி 10: முதலில் படம்

காக்கைக்கு வைக்காமல் வீட்டார் வாய் வைக்காதது போல, கேமராவுக்குக் காட்டாமல் ஒரு பருக்கையும் நகரக்கூடாது. மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, புகையோடு ஒன்று, புகை அடங்கியதால் மறுபடி ஒன்று. ‘எல்லாரும் இயல்பா இருங்க’ என்று கத்துங்கள்.

சமைத்த பண்டம் அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது என்று அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்கிறது. ஒன்றே முக்காலில் முடித்துவிடுங்கள். அதற்குள் மொசரெல்லா வியர்த்து, கண்விழிகள் அழுவது போலத் தெரியும். அதையும் ஒரு படம் எடுங்கள்.

படி 11: அழைப்பு மணியை எதிர்கொள்ளுங்கள்

முதல் படத்துக்கே மணி அடிக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் எழுந்து போய் மிட்டாய் கொடுத்து வரட்டும். உங்கள் பிள்ளைகளை விடாதீர்கள். அவர்கள் ஜன்னல் வழியாக, தங்கள் வகுப்புத் தோழர்கள் வாளி நிறையப் போவதைப் பார்த்தபடி, குடும்ப நேரத்தை அனுபவிக்கட்டும்.

‘எப்போ போகலாம்?’ என்ற கேள்வி வரும். பேரத்தைத் தொடங்குங்கள். ‘ரெண்டு கண்ணு, ஒரு விரல். அப்புறம் போ.’ ‘ஒரு கண்ணு.’ ‘ஒரு கண்ணு, பாதி மூளை.’ வேறெந்த நாளிலும் ஒரு பெற்றோர் உரக்கச் சொல்ல முடியாத வாக்கியம் இது.

7.45-க்கு விடுங்கள். பெரும்பாலான வீடுகளில் 8 மணியோடு வாசல் விளக்கை அணைத்துவிடுவார்கள். கால் மணி நேரத்தில் அவர்கள் கொண்டுவரும் மிட்டாயைப் ‘பரிசோதனை’ செய்து, கடலை வெண்ணெய் அடைத்த சாக்லேட்டையெல்லாம் வரியாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் பசிக்கும். நீங்கள் சமைத்ததை நீங்களே சாப்பிடுவீர்களா என்ன?

படி 12: ஆவணப்படுத்துங்கள்

ஒன்பது மணிக்கு அடுப்படியில் விளக்கு எரியும். பாட்டி தொப்பியைக் கழற்றாமல் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருப்பார். பாதிக் காற்று இறங்கிய டைனோசரும் மீசை அழிந்த பூனையும் தரையில் உட்கார்ந்து, கையில் வாங்கி வாங்கிச் சாப்பிட்டு, நார்த்தங்காய் ஊறுகாய்க்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். உள்ளே போகாதீர்கள். படமும் எடுக்காதீர்கள். வெளிச்சம் சரியில்லை, தீமுக்கும் ஒட்டாது.

நீங்கள் போட வேண்டியது மேலிருந்து எடுத்த அந்த முதல் படம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் இதயங்கள் குவியும். பெரியம்மா மட்டும், ‘புள்ளைங்க நல்லா சாப்பிட்டாங்களா?’ என்று கேட்பார். ‘செம சாப்பாடு, பெரியம்மா’ என்று பதில் போடுங்கள். பொய் இல்லை. யார் சமைத்தது என்று அவர் கேட்கவில்லை.

கையோடு அடுத்ததையும் தொடங்கிவிடுங்கள். நவம்பர் 26, தேங்க்ஸ்கிவிங். 20 பவுண்டு வான்கோழி உறைநிலையிலிருந்து ஃபிரிட்ஜில் இளக நான்கைந்து நாள் பிடிக்கும் என்பார்கள். நீங்கள் 25-ஆம் தேதி இரவு வெளியே எடுத்தால் போதும்.