புள்ளிக்கு மட்டும் விலக்கு

புதுக்கோட்டை மாவட்டத்து மீனவ ஊரான ஜெகதாப்பட்டினத்தைப் பட்டியல்களில் தேடுவது தனிக்கலை. ஒருவர் 'ப்' போடுவார், ஒருவர் விட்டுவிடுவார், இன்னொருவர் கிரந்தம் ஆகாதென்று 'செ'யில் தொடங்குவார். மூவரையும் ஒரே வலையில் பிடிக்க, கணினியில் எழுத்துக் கோலத்தைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் உண்டு: (ஜெ|செ)கதா(ப்)?பட்டினம். அந்த 'ப்'பைச் சுற்றிய அடைப்புக்குறியை மறந்தால் தொலைந்தது. யூனிகோடில் 'ப்' என்பது இரண்டு குறியீடு. முன்னால் இருப்பது இல்லாவிட்டாலும் சரி என்னும் கேள்விக்குறி, அப்போது புள்ளிக்கு மட்டும் விலக்கு தரும், 'ப' கட்டாயம். 'ஜெகதாபபட்டினம்' என்ற இல்லாத ஊர் சிக்கும், 'ஜெகதாபட்டினம்' நழுவும். 1968-இல் கணினி அறிஞர் கென் தாம்சன் இப்படித் தேடும் வழியை எழுதியபோது தொல்காப்பியரைக் கலந்துகொள்ளவில்லை போலும்.

அவ்வூர் விசைப்படகுகளின் பதிவெண்ணுக்கு இந்தத் தொல்லை கிடையாது. புதுக்கோட்டை மாவட்டப் படகென்றால் 'ஐஎன்டி-டிஎன்-08-எம்எம்' என்று தொடங்கும். அவற்றைப் பிடித்துப்போகும் இலங்கைக் கடற்படைக்கு இதுவரை ரெகுலர் எக்ஸ்பிரஷன் எதுவும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.