டிராஃப்டுக்குப் போகிற தம்பிக்கு

வாழ்த்துகள் தம்பி. ஆறரை அடி உயரம், நூற்று நாற்பது கிலோ எடை, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நான்கு வருட அனுபவம். பெயருக்குத்தான் கால்பந்து. உன் காலும் பந்தும் இதுவரை சந்தித்ததே இல்லை. கையும் அப்படித்தான். நீ அஃபென்சிவ் லைன்மேன்: பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கும் ஐந்து பேரில் ஒருவன். பாய்ந்து வருகிறவனை இரண்டு மூன்று நொடி மறித்து நிறுத்தினால் போதும், உன் வேலை முடிந்தது. அதை ஒழுங்காகச் செய்தால் உன்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எதிராளியின் சட்டையைப் பிடித்து மாட்டிக்கொண்டால் மட்டும் நடுவர் உன் எண்ணை ஒலிபெருக்கியில் அறிவித்து அணியைப் பத்துக் கஜம் பின்னால் தள்ளுவார். நான்கு வருடமாக ஊரே கூடிய மைதானத்தில் உனக்குக் கிடைத்த விளம்பரம் அவ்வளவுதான்.

இனி அப்படி இருக்கக் கூடாது. ஏப்ரல் கடைசியில், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். டிராஃப்ட் வருகிறது: கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும் சடங்கு. 32 அணிகள், ஏழு சுற்றுகள். அதற்குள் உன்னை எல்லோரும் கவனிக்க வேண்டும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். பாதியை நீ ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாய், தெரியும். செய்வதைத் திருந்தச் செய்.

1. முதலில், மறிப்பதை நிறுத்து. உன்னை இங்கே கொண்டுவந்த வித்தை அதுதான், ஆகவே இனி அது தேவையில்லை. ஜனவரியிலிருந்து ஒரே பயிற்சி: 40 கஜ ஓட்டம். நேர்க்கோட்டில், அரைக்கால் சட்டையோடு, எதிரே ஆளில்லாமல். ஆட்டத்தில் ஒரு லைன்மேன் 40 கஜம் ஓடுகிறான் என்றால் பெரும்பாலும் எதிரணிக்காரன் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான், இவன் பின்னாலேயே மூச்சு வாங்கப் போகிறான் என்று அர்த்தம். பரவாயில்லை. உன்னைப் போன்ற லைன்மேன் டெரன் ஆர்ம்ஸ்டெட் 2013-ல் 4.71 நொடியில் ஓடினார். ஓர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 2018-ல் எடுத்துக்கொண்டது 5.85 நொடி. போதாக்குறைக்கு 225 பவுண்டு, அதாவது 102 கிலோ பளுவைப் படுத்துக்கொண்டு தூக்கும் சோதனையில் 14 முறையோடு நிறுத்திக்கொண்டார். முதல் சுற்றில் போக வேண்டிய ஆள் மூன்றாம் சுற்றில் 83-ஆவது ஆளாகப் போனார். கல்லூரியில் அவர் எத்தனை பேரை மறித்தார் என்று அன்றைக்கு யார் கேட்டார்கள்? பிற்பாடு நான்கு முறை புரோ பவுல் நட்சத்திர அணிக்குத் தேர்வானார், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலும் ஜெயித்தார். அதெல்லாம் வேறு துறை.

2. ஏஜென்ட் பிடி. 2011-க்குப் பிறகு புதுமுகங்களின் சம்பளம் அநேகமாக நிர்ணயிக்கப்பட்ட விஷயம். எத்தனையாவது ஆளாக உன்னை எடுக்கிறார்களோ அந்த இடத்துக்கு உரிய பணம் வரும். 2010-ல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதமாகக் கிடைத்த கையோடு அந்தக் கடையைச் சாத்திவிட்டார்கள். ஆக, பேரம் பேச அதிகம் ஒன்றுமில்லை. அதனால்தான் நன்றாகப் பேசுகிற ஏஜென்டாகப் பார். ஆட்டக்காரர் சங்க விதிப்படி அவருக்கு அதிகபட்சம் 3 சதவீதம். கல்யாணத் தரகர் மாதிரி நினைத்துக்கொள்: ஜாதகம் ஏற்கெனவே பொருந்தியிருக்கும், கமிஷன் மட்டும் பாக்கி. உன் சித்தப்பாவும் ஏஜென்ட் வேலை பார்க்கத் தயார் என்றால் அவரையும் சேர்த்துக்கொள். மறுத்தால் வருத்தப்படுவார்.

3. கையை நீட்டு. உவமையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நீட்டு.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் தலையெழுத்து இதில்தான் இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் கம்பைன் என்ற சோதனை முகாம் நடக்கும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் அல்லவா, அதேதான், கூரை போட்ட ஸ்டேடியத்தில். உன்னைச் சுவரோரம் நிறுத்தி, தோள்பட்டை எலும்பின் முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை நாடா பிடிப்பார்கள். அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குவரை போகும். நம் தாத்தாக்கள் அரைக்கால் என்று சொன்னார்களே, அதுதான். வாய்ப்பாட்டோடு செத்துப்போன அரைக்காலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றால் அது இங்கேதான்.

ஓரத்தில் நிற்கும் டாக்கிளுக்கு 34 அங்குலம் இருந்தால் அழகு, 33 இருந்தால் சகிக்கலாம். அதற்கும் கீழே என்றால், ஆள் பார்க்க அணிகள் அனுப்பிய ஸ்கவுட்டுகள் முகத்தைச் சுளிப்பார்கள். எல்.எஸ்.யு. பல்கலைக்கழகத்தின் வில் கேம்பல் 2025-ல் வந்தபோது நாடா 32 அங்குலத்தையும் தாண்டி அரையே அரைக்காலில் நின்றுவிட்டது. நாடு முழுக்க அதே பேச்சு. மூன்று வருடம் அவர் ஆடிய ஆட்டத்தின் படம் எல்லோரிடமும் இருந்தது. நாடா இருக்கும்போது படத்தை எவன் பார்ப்பான்? அடுத்த மாதம் அவருடைய கல்லூரி மைதானத்திலேயே மறுபடி அளந்தார்கள். 33. ஒரே மாதத்தில் காலே அரைக்கால் அங்குல வளர்ச்சி! நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் நான்காவது ஆளாக எடுத்துக்கொண்டது. இதிலிருந்து நீ கற்க வேண்டியது: தினமும் காலையில் உத்தரத்தில் தொங்கு. அளக்கும்போது தோளைக் கொஞ்சம் தொங்கப் போட்டு, விரல் நுனியில் உயிரை வை. நகம் வெட்டாதே.

4. தின்னு. உன் உடம்பு 136 கிலோவுக்குக் கீழே, அதாவது 300 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் உன்னைச் சின்னப் பையன் என்பார்கள். எட்டு முட்டை, ஒரு படி ஓட்ஸ், அரைக் கோழி; இது விடிந்ததும். பத்து மணிக்கு மறுபடியும். ராத்திரி அலாரம் வைத்து எழுந்து வேர்க்கடலை வெண்ணெயைக் கரண்டியால் வழித்துத் தின்னு. பசிக்கு இதில் பங்கே இல்லை. பசித்து நாலு வருடம் ஆகியிருக்கும். எடை பார்க்கும் காலையில் நாலு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, கால்களை இறுக்கிக்கொண்டு தராசில் ஏறு. பிறகு அதே உடம்போடு, ஒண்ணாம் நம்பரில் சொன்ன ஓட்டத்தைக் காற்றாக ஓடு. இரண்டும் எப்படிச் சேரும் என்று கேட்காதே. கேட்டவர்கள் எல்லாம் மூன்றாம் சுற்றில் இருக்கிறார்கள்.

5. ஓடும்போது சட்டையைக் கழற்று. அலபாமாவின் ஆண்ட்ரே ஸ்மித் 2009-ல் கம்பைனிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினார். பிறகு, ஸ்கவுட்டுகளுக்காகக் கல்லூரி நடத்திய செய்முறை நாளில் மேலே துணியில்லாமல் 40 கஜம் ஓடினார். உடம்பின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி நேரத்தில் கோட்டைத் தொட்டது. முந்தைய வருடம்தான் நாட்டின் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லண்ட் விருதை வாங்கியவர். விருதை மறந்துவிட்டார்கள், அந்த ஓட்டத்தை இன்றுவரை யாரும் மறக்கவில்லை. சின்சினாட்டி அப்படியும் ஆறாவது ஆளாக எடுத்தது என்பதைச் சத்தமாகச் சொல்லாதே, பாடத்தின் மரியாதை போய்விடும்.

6. டாக்டர்களிடம் ஒன்றும் இல்லை என்று சொல். அணிகள் அனுப்பிய டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உன் முழங்காலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். முதல் டாக்டர் இழுக்கும்போது நன்றாக இருந்த கால், கடைசி டாக்டர் வருவதற்குள் தளர்ந்திருக்கும். சிரி. பதினேழு வயதில் கிழிந்த தசைநாரைப் பற்றி அவர் கேட்டால் உன் தம்பிக்கு நடந்தது என்று சொல். ஸ்கேன் படம் அவர் கையில் இருப்பதைக் கண்டுகொள்ளாதே.

7. நேர்காணலில் பக்கத்து ஆளைக் காட்டிக்கொடு. ஓர் அறை, ஒரு திரை, ஏழெட்டுப் பேர். நீ சறுக்கிய ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். "என் தப்பு" என்று ஒரு முட்டாள்தான் சொல்வான். உனக்கும் நடுவில் நிற்கும் சென்டருக்கும் இடையில் நின்ற கார்டு அழைப்பைக் காதில் வாங்கவில்லை என்று சொல். சென்டர் தப்பான ஆளைச் சுட்டினான் என்று சொல். பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்பு சென்டர் விரலை நீட்டி எதிரணியின் நடு ஆளைக் காட்டி இரண்டு வார்த்தை கத்துவான். அதைக் கேட்டுத்தான் ஐந்து பேரும் யார் யாரை மறிப்பது என்று ஒரு நொடியில் தீர்மானிப்பீர்கள். எவ்வளவு பெரிய கணக்கு அது! 12 நிமிடத்தில் 50 கேள்வி கேட்கும் வொண்டர்லிக் தேர்வில் லைன்மேன்கள் நல்ல மதிப்பெண் வாங்கியதில் ஆச்சரியமில்லை. 2022-ல் அந்தத் தேர்வைக் கம்பைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீயும் யோசிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

8. இடம் மாறச் சம்மதிக்காதே. இடது ஓரம், இல்லையென்றால் வீடு. வலது கையால் எறிகிற குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கம் அது. அங்கேதான் பணம், அங்கேதான் பெருமை. "உள்ளே தள்ளி கார்டாக ஆடுவாயா?" என்று கேட்டால் உன் தாயைத் திட்டினது போல எழுந்து நில். நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் டாக்கிளாக ஆடிய ஸாக் மார்ட்டினை 2014-ல் டல்லாஸ் எடுத்து உள்ளே தள்ளியது. மனிதர் வாயே திறக்கவில்லை. ஒன்பது முறை புரோ பவுல். ரோஷம் இல்லாதவர்களுக்கு வேறு என்ன கிடைக்கும்?

9. பத்திரிகை அட்டைக்குச் சட்டையில்லாமல் போஸ் கொடு. டோனி மாண்டரிச் 1989-ல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' அட்டையில் நின்றார். வரலாற்றிலேயே இப்படி ஒரு லைன்மேன் வந்ததில்லை என்றார்கள். க்ரீன் பே இரண்டாவது ஆளாக எடுத்தது. அந்த வருடம் முதல் ஐந்து இடத்தில் போன மற்ற நால்வர்: ட்ராய் எய்க்மன், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். நால்வரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில். மாண்டரிச்சை மூன்று பருவம் கழித்து அனுப்பிவிட்டார்கள். கல்லூரி நாட்களில் ஸ்டீராய்டு எடுத்ததை 2008-ல் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் ஐவரில் யாரை எடுத்தது பெரிய பிசகு என்று கேட்டால் மக்கள் வாயில் முதலில் வருகிற பெயர் எது? பார்த்தாயா, கவனம் கிடைத்துவிட்டது.

10. கைபேசியைப் பூட்டாதே. கடவுச்சொல்லை எல்லா நண்பர்களுக்கும் கொடு. மிசிசிப்பியின் லாரமி டன்சில் 2016-ல் முதல் சில பேருக்குள் போவார் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். டிராஃப்ட் தொடங்கச் சில நிமிடம் இருக்கும்போது அவருடைய ட்விட்டர் கணக்கில் யாரோ ஒரு வீடியோவை ஏற்றினார்கள்: வாயுக் கவசம் மாட்டிக்கொண்டு ஆள் புகை இழுக்கிறார். கோட்டு சூட்டோடு அவர் அங்கேயே உட்கார்ந்திருக்க, அணிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. 13-ஆவது இடத்தில் மயாமி எடுத்தது. அன்றிரவு டிராஃப்டைப் பற்றிப் பேசியவர்கள் முதல் ஆளை விட்டுவிட்டு 13-ஆவது ஆளைப் பற்றித்தான் பேசினார்கள். இலவசமாகக் கிடைக்கிற விளம்பரமா இது?

11. கடைசியாக, அந்த இரவு. விழாவுக்கு அழைப்பு வந்தால் மேடைக்குப் பக்கத்து அறைக்குப் போ. வராவிட்டால் வீட்டிலேயே பந்தல் போடு. அத்தை, மாமா, பழைய கோச், பல் டாக்டர் உள்பட நாற்பது பேரைக் கூப்பிடு. நடுவில் மேஜை போட்டு, அதன்மேல் ஃபோனை வை. எல்லோரும் ஃபோனைப் பார்க்கட்டும். ஃபோன் அடிக்கும். உன் ஒன்றுவிட்ட அண்ணன் பேசுவான், "இன்னும் இல்லையா?" என்று கேட்பான். முதல் சுற்றில் பெயர் வராவிட்டால் உலகம் முடிந்துவிட்டது என்று முகத்தில் காட்டு. கேமரா அதற்குத்தான் காத்திருக்கிறது. 2011-ல் ஆறாம் சுற்றில், 191-ஆவது ஆளாகப் போன ஜேசன் கெல்சியையோ, ரக்பி ஆடிவிட்டு 2018-ல் 233-ஆவது ஆளாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜோர்டன் மைலாட்டாவையோ யாராவது ஆறுதலுக்குச் சொன்னால் காதைப் பொத்திக்கொள். இருவரும் பிலடெல்பியாவில் சூப்பர் பவுல் மோதிரம் போட்டிருக்கிறார்கள். இருக்கட்டும். ஃபோன் வந்த அன்று அவர்கள் போட்டிருந்த கோட்டு என்ன நிறம் என்று யாருக்காவது தெரியுமா?

ஒரே ஓர் எச்சரிக்கை. உன் கல்லூரி கோச் உனக்கு ஒரு தப்பான முன்மாதிரியைக் காட்டுவார். விஸ்கான்சினில் ஜோ தாமஸ் என்று ஒருவர் இருந்தார். கை 33 அங்குலம்கூட இல்லை. 2007-ல் முதல் சுற்றின் முதல் சில இடத்துக்குள் போவார் என்று தெரிந்தே நியூயார்க் விழாவுக்கு வர மறுத்துவிட்டார். கோட்டு தைக்கவில்லை, மேடை ஏறவில்லை, லீக் தலைவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. மூன்றாவது ஆளாகக் கிளீவ்லண்ட் எடுத்தது. அடுத்த பத்து வருடம் அந்த அணி பெரும்பாலும் தோற்றது, குவார்ட்டர்பேக்குகள் வந்தார்கள், போனார்கள். இடது ஓரத்தில் இவர் மட்டும் நின்றார். பந்து ஆட்டத்துக்கு வந்த 10,363 தடவை, ஒன்றைக்கூட விடாமல். 2017-ல் பின்கைத் தசை கிழிந்த பிறகுதான் வெளியே போய் உட்கார்ந்தார்.

இந்த ஆளைப் பார்த்துக் கெட்டுப்போகாதே தம்பி. டிராஃப்ட் நாளன்று அவர் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.